காரில் வேலை பார்க்கத் தனி ஷெட்: கட்டும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோடு ஒட்டாமல், மனையில் தனியாக ஒரு ஷெட். கார் நிறுத்த மட்டுமல்ல, பிரேக் மாற்ற, கிளட்ச் இறக்க, வெல்டிங் வைக்க. அப்படி ஒன்று கட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்குப் பதில்கள் இவை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரையும் உயரமும் ஒருமுறைதான். மேஜையை நகர்த்தலாம், விளக்கைக் கூட்டலாம், சுவருக்கு எப்போது வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். ஊற்றிய கான்கிரீட்டையும் ஏற்றிய கூரையையும் மாற்ற வேண்டுமென்றால் இடிக்கத்தான் வேண்டும். அதனால் அந்த இரண்டைப் பற்றிய பதில்கள் நீளமாகவே இருக்கும்.

வீட்டை ஒட்டிக் கட்டாமல் தனியாகக் கட்டுவதில் என்ன லாபம்?

புகை, பெட்ரோல் வாடை, கிரைண்டர் சத்தம் மூன்றும் வீட்டுக்குள் வராது. தீப்பிடித்தாலும் படுக்கையறைச் சுவர் வரை உடனே பரவாது. இடத்தின் நீள அகலத்தையும் உயரத்தையும் வீட்டின் அமைப்பு கட்டிப்போடாது. நஷ்டமும் உண்டு: மின்சாரம், தண்ணீர் இரண்டையும் தனியாக இழுக்க வேண்டும், மழையில் நனைந்துகொண்டு போக வேண்டும். காரில் நிஜமாகவே வேலை பார்க்கிறவருக்குத் தனி ஷெட்தான் சரி.

மனையில் எந்த இடத்தில் வைப்பது?

முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், மனையில் எத்தனை சதவீதம் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வரைபடம் போட்ட பிறகு கேட்டால் வரைபடத்தைத்தான் கிழிக்க வேண்டிவரும்.

அடுத்தது திருப்பம். பாதையிலிருந்து 90 டிகிரி திரும்பி உள்ளே நுழைய வேண்டியிருந்தால், கதவுக்கு முன்னால் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் வைத்தால் நிம்மதி. ஓடாத காரை ஆள் வைத்துத் தள்ளி உள்ளே ஏற்ற வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு நேரான பாதையின் அருமை தெரியும். கழிவுநீர்க் குழாய், பெரிய மரத்தின் வேர், மழைநீர் தேங்கும் பள்ளம் ஆகிய மூன்றையும் தவிருங்கள். குறிப்பாகக் குழாய்: அது உடைகிற அன்று உங்கள் தரையையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

நீள அகலம் எவ்வளவு வேண்டும்?

காரின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். காரைச் சுற்றி ஆள் எப்படி நிற்பார், எதை இழுப்பார் என்பதை வைத்துப் போடுங்கள். நடுத்தரக் கார் ஒன்று ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டால் 1.8 மீட்டர் அகலம். கதவை முழுக்கத் திறக்கப் பக்கத்துக்கு ஒரு மீட்டர். டிராலி ஜாக்கியை முன்பக்கமிருந்து நுழைத்து அதன் கைப்பிடியை அடிக்கக் குறைந்தது ஒன்றரை மீட்டர். என்ஜினைத் தூக்கும் கிரேனை முன்னால் கொண்டுவந்து, என்ஜினோடு பின்வாங்க வேண்டுமென்றால் 2 மீட்டருக்கு மேல். பின் சுவரில் மேஜை போட்டால் அதற்கு இன்னும் 60 முதல் 75 செ.மீ.

இப்படிக் கூட்டி, அகலத்தில் நடமாடக் கொஞ்சம் தாராளமும் விட்டால் ஒரே ஒரு காருக்கே 5 மீட்டருக்கு 7.5 மீட்டர் உள்ளளவு வந்து நிற்கும். 4 மீட்டருக்கு 6 மீட்டர் என்பது கார் நிறுத்தும் இடம், வேலை செய்யும் இடமல்ல. ஒரு கார் வேலையில் கிடக்க இன்னொன்று தினமும் வந்துபோக வேண்டுமென்றால் 7.5 மீட்டருக்கு 8.5 மீட்டர் வரை யோசியுங்கள். அகலத்தில் மிச்சம் பிடிக்க நேர்ந்தால் பிடியுங்கள், நீளத்தில் மட்டும் வேண்டாம். அகலம் போதாவிட்டால் காரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி ஒரு பக்கம் வேலையை முடித்து, பிறகு மறுபக்கம் போகலாம். நீளம் போதாவிட்டால் கதவை மூடவே முடியாது.

ஒரு யோசனை: மனையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, உங்கள் காரை அதற்குள் நிறுத்தி, கதவு, பானட், டிக்கி எல்லாவற்றையும் திறந்து வைத்து ஒருமுறை சுற்றி வாருங்கள். காகிதத்தில் தாராளமாகத் தெரிந்தது அங்கே சுருங்கிவிடும்.

கூரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், இன்றைக்குக் காசு இல்லாவிட்டாலும், அந்த உயரத்துக்கே கட்டுங்கள். கணக்கு எளிது: காரின் உயரம், அதோடு தூக்கும் உயரம். 1.5 மீட்டர் உயரக் காரை, ஆள் அடியில் நிமிர்ந்து நிற்கும்படி 1.8 மீட்டர் தூக்கினால் 3.3 மீட்டர். எஸ்யூவி என்றால் 3.6. இதை அளக்க வேண்டியது ஷீட் வரை அல்ல, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸின் கீழ்க் கம்பி வரை. அதிலிருந்து விளக்கு, ஷட்டர் உருளை, அதன் தண்டவாளம் எது தொங்கினாலும் அதைக் கழிக்க வேண்டும். ஆகவே தடையில்லாத 3.7 மீட்டர், அதாவது 12 அடி இருந்தால் பயமில்லை.

லிஃப்ட் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவருக்கு 2.8 மீட்டர் போதும். இடைப்பட்ட உயரத்தில் கட்டுபவர்கள்தான் பாவம். பாதி தூக்கிய காருக்கு அடியில் குனிந்தே காலம் தள்ளுவார்கள். சரிவுக் கூரையானால் லிஃப்ட் வருமிடத்தை உயரமான பக்கத்தில் முடிவு செய்துகொண்டு, அங்கே குறுக்குக் கம்பி வராதபடி ட்ரஸ்ஸை அமைக்கச் சொல்லலாம். இதைப் பட்டறையில் இரும்பு வெட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும்.

லிஃப்டா, குழியா, ஸ்டாண்டு போதுமா?

எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் இவற்றுக்கு நல்ல டிராலி ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டும் தாராளம். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு.

கியர்பாக்ஸ் இறக்குவது, சைலன்சர் வரிசை முழுக்க மாற்றுவது, அடியில் துருவைச் சுரண்டி வெல்டிங் வைப்பது என்று போனால் லிஃப்டுக்கு ஈடு கிடையாது. இரண்டு தூண் லிஃப்ட் சக்கரங்களைத் தொங்கவிடும், அடிப்பகுதி முழுதும் திறந்து கிடக்கும். நான்கு தூண் லிஃப்டில் கார் சக்கரத்தின் மேலேயே நிற்கும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு காரை அடுக்க அது நல்லது, பிரேக் வேலைக்குத் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும். கத்தரி லிஃப்ட் தாழ்ந்த கூரைக்கு ஒத்துவரும், ஆனால் நடுப்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். இரண்டு தூண் லிஃப்டின் மொத்த அகலம் பெரும்பாலும் 3.4 மீட்டரைத் தொடும். அகலம் முடிவு செய்யும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழியை நான் சிபாரிசு செய்வதில்லை. மலிவு என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து வந்து குழிக்குள் நிரம்பிக் கிடக்கும். அங்கே ஒரு கைவிளக்கு உடைந்தாலோ சுவிட்சில் பொறி பறந்தாலோ, நீங்கள் நிற்பது அதற்கு நடுவில். நிலத்தடி நீர் உயரும் இடத்தில் குழி கிணறாகிவிடும். அப்படியும் வேண்டுமென்றால் அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றும் குழாய், இரண்டு முனையிலும் படி, ஆவி புகாத விளக்கு, மேலே மூடிவைக்கப் பலமான பலகை என எல்லாவற்றையும் செய்யுங்கள். பல ஊர்களின் கட்டட விதி குழியை அனுமதிப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு எவ்வளவு கனம்? கம்பி வேண்டுமா?

வெறும் காருக்கு 100 மிமீ, லிஃப்ட் வருமிடத்தில் 150 மிமீ. எம்25 கலவை நல்லது. 28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலிமை வரவேண்டிய கலவை அது. இரண்டு தூண் லிஃப்ட் தரையை அழுத்துவதோடு நிற்பதில்லை. கை நீண்டு, நுனியில் பாரம் இருப்பதால் தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும், தூணைத் தரையோடு பிடிக்கும் பின்பக்க ஆங்கர் போல்ட் தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். கனம் கேட்பது அதற்காகத்தான். லிஃப்ட் தயாரிப்பாளரின் கையேட்டில் குறைந்தபட்சக் கனமும் வலிமையும் அச்சிட்டிருக்கும். அதைக் கொத்தனாரிடம் ஊற்றுவதற்கு முன் காட்டுங்கள்.

கனத்தைவிட முக்கியம் அடியில் இருப்பது. மேல்மண்ணை வழித்தெடுத்து, ஜல்லியைப் படிப்படியாகப் பரப்பி ஒவ்வொரு படியையும் இயந்திரத்தால் திமிசு போட வேண்டும். அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பு. இதை விட்டுவிட்டால் நிலத்து ஈரம் கான்கிரீட் வழியே ஏறிக்கொண்டே இருக்கும்; ஸ்பேனர்கள் பெட்டிக்குள் இருந்தே துருப்பிடிக்கும். கம்பி வலை தரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். அடியில் பரப்பிவிட்டு, ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அடியிலேயே கிடந்துவிடும். வலையை உரிய உயரத்தில் தாங்கும் கவர் கட்டை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

கான்கிரீட் சுருங்கும், விரிசல் விடும். விரிசலை நாம் சொன்ன இடத்தில் விடவைப்பதே வெட்டுக்கோட்டின் வேலை. 100 மிமீ தரையில் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு கோடு, ஆழம் கனத்தில் நாலில் ஒரு பங்கு, அதுவும் ஊற்றிய முதல் நாளுக்குள்ளேயே. அந்தக் கோடு லிஃப்ட் தூண் வரும் இடத்தில் போகக் கூடாது. தூண்களின் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு, பிறகு கோடுகளை ஒதுக்கிப் போடுங்கள்.

குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருங்கள். சாக்கு, வைக்கோல், தேக்கிய தண்ணீர், எதுவானாலும் சரி.

தரையில் வாட்டம் (சரிவு) விட வேண்டுமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. கழுவின தண்ணீர் ஓட மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் என்பார்கள். 7 மீட்டர் நீளத்தில் அது 7 செ.மீ. வித்தியாசம்; ஸ்டாண்டின் மேல் கார் சாய்ந்து நிற்கும், ஜாக்கி தானாக உருளும், வீல் அலைன்மெண்ட் பார்க்கவே முடியாது. நான் மட்டத்தின் பக்கம். வேலை செய்யும் இடம் முழுக்க ரசமட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும், கதவை ஒட்டிய கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் வாட்டம் விடுங்கள். தரை வெளி நிலத்தைவிட 15 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு வெளியே ஒரு 2 செ.மீ. படி தாழ்த்தினால், ஷட்டரில் வழிகிற மழைநீர் உள்ளே வராது.

எபாக்சி பூசலாமா?

தரைக்குக் கெட்டியான மேற்பூச்சு இது. பூசலாம், அவசரப்படாமல். புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாளாவது ஆக வேண்டும். ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேற்பரப்பைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்காமல் பூசினால், ஓடிச் சூடேறிய டயர் அதை உரித்துக்கொண்டு போய்விடும். வெல்டிங் வைக்கும் மூலையில் பூசாதீர்கள், பொறி விழுந்து கருகும். வெளிர்நிறம் தேர்ந்தெடுங்கள்: கீழே விழுந்த சின்ன நட்டு கண்ணில் படும்.

சுவர் செங்கலா, இரும்புச் சட்டமும் ஷீட்டுமா?

இரண்டும் சரிதான். செங்கல் அல்லது பிளாக் சுவர் சத்தத்தை அடக்கும், தீயைத் தாங்கும், எங்கே வேண்டுமானாலும் அலமாரி மாட்டலாம். இரும்புச் சட்டம் விரைவாக எழும், நடுவில் தூணில்லாத அகலம் எளிதாகக் கிடைக்கும். ஷீட் கூரையானால் அடியில் வெப்பத்தடுப்பு போட மறக்காதீர்கள். வெயிலுக்காக மட்டுமல்ல, இரவில் குளிர்ந்த ஷீட்டின் அடியில் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, விடியலில் காரின் மேலும் கருவிகளின் மேலும் சொட்டும்.

எந்த மாதிரிக் கதவு?

அகலம் 3 மீட்டர். 2.4 மீட்டரில் கார் நுழையும், ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நுழைய வேண்டும். கூரையடியில் படுத்துக்கொள்ளும் மடிப்புக் கதவு, லிஃப்டில் தூக்கிய காரின் தலைக்கு மேல் வந்து முட்டும். லிஃப்ட் இருந்தால் ரோலிங் ஷட்டர் சிறந்தது; சுருளும் உருளைக்கு வாசலுக்கு மேல் சுமார் 45 செ.மீ. விடுங்கள். ஆள் போக ஒரு சிறு கதவு தனியாகக் கட்டாயம் வேண்டும், அது வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். மின்சாரம் போனாலும் தீப்பிடித்தாலும் வெளியேற அதுதான் வழி.

மின் இணைப்பை எப்படித் திட்டமிடுவது?

வீட்டுப் பெட்டியிலிருந்து தனிக் கேபிள், ஷெட்டில் தனி விநியோகப் பெட்டி, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர், எர்த்துக்கு எலெக்ட்ரீஷியன் சொல்லும் ஏற்பாடு. கம்ப்ரசர், வெல்டிங், லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன். 3 குதிரைத்திறன் கம்ப்ரசர் மோட்டார் ஓடும்போது இரண்டேகால் கிலோவாட்டுக்கும் சற்று அதிகமாக இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். விளக்கும் அதே லைனில் இருந்தால் ஒவ்வொரு முறையும் மங்கும்.

தூரம் இருந்தால் கம்பியின் தடிமனில் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் இணைப்பில் 40 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மிமீ செம்புக் கேபிளில் 32 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 14 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 10 சதுர மிமீ என்றால் 6 வோல்ட்டுக்குள் நிற்கும். கேபிளுக்குத் தோண்டும் வாய்க்காலிலேயே இன்னொரு வெற்றுக் குழாயையும் உள்ளே கயிறு கோத்துப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு மின்சாரக் கார் சார்ஜரோ இணையக் கம்பியோ வரும்போது மறுபடி தோண்ட வேண்டாம்.

பிளக் பாயிண்டுகளை மேஜை மட்டத்துக்கு மேலே வையுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி தேங்கும் உயரம் அது.

எத்தனை விளக்கு?

நினைப்பதைவிட இரண்டு மடங்கு. நுணுக்க வேலைக்கு 500 லக்ஸாவது, அதாவது சதுர மீட்டருக்கு 500 லூமென் ஒளியாவது வேண்டும். 5 மீட்டருக்கு 7.5 மீட்டர் ஷெட்டில் அது கிட்டத்தட்ட 19,000 லூமென். சுவரும் காரும் விழுங்குவதைச் சேர்த்து 25,000 என்று வையுங்கள். 2,000 லூமென் தரும் 20 வாட் எல்.ஈ.டி. குழல்விளக்கு என்றால் 12 முதல் 13. அவற்றைக் காரின் தலைக்கு நேர்மேலே மாட்டாமல் இரு பக்கமும் வரிசையாக மாட்டுங்கள். நேர்மேலே இருந்தால் வெளிச்சமெல்லாம் காரின் கூரைத் தகட்டுக்குத்தான், பானட்டைத் திறந்தால் என்ஜின் இருட்டில். சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்தால் ஒன்றிரண்டு விளக்கு மிச்சம்.

கம்ப்ரசர் காற்றுக்கு பி.வி.சி. குழாய் போடலாமா?

கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் பி.வி.சி. வெடித்தால் ஒழுகும்; காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லுகளாகப் பறக்கும். செம்பு, கால்வனைஸ்டு இரும்பு, அல்லது காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாய் போடுங்கள். முதன்மைக் குழாய்க்கு மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம், கடைசியில் ஒரு வடிகால் வால்வு. கிளைகளைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்கினால், காற்றிலிருந்து பிரிந்து தேங்கும் நீர் கருவிக்குள் போகாது. கம்ப்ரசரைச் சுவருக்கு வெளியே, காற்றோட்டமுள்ள சின்னக் கூண்டில் வைத்தால் உள்ளே பேச முடியும்.

கதவைத் திறந்து வைத்தால் என்ஜினை ஓடவிடலாமா?

கதவைத் திறந்தால் மட்டும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து நடக்கத் தெம்பிருக்காது. சைலன்சர் முனையில் சூடு தாங்கும் குழாயை மாட்டிச் சுவர்த் துளை வழியே வெளியே விடுங்கள், ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் கீழே ஒன்று மேலே ஒன்றாகக் காற்றுத் திறப்பு வேண்டும். கீழ்த்திறப்பு பெட்ரோல் ஆவிக்கு, மேல்திறப்பு பேட்டரி சார்ஜ் ஆகும்போது எழும் ஹைட்ரஜனுக்கு.

வெல்டிங் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில், அது காயாமல் வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் உண்டாகும் ஃபாஸ்ஜீன் உயிர்குடிக்கும் வாயு. குளோரின் இல்லாத வகையை மட்டும் ஷெட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

கூரைக் கம்பியில் செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கலாமா?

கூரைக்காக மட்டும் கணக்குப் போட்ட ட்ரஸ்ஸில் மாட்டாதீர்கள். காரின் என்ஜின் 100 முதல் 250 கிலோ வரும், ஆடும்போது இன்னும் கூடும். வேண்டுமென்றால் தனித் தூண்களில் நிற்கும் ஒரு இரும்பு உத்தரத்தைப் பொறியாளரிடம் கேட்டுப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மடக்கி வைக்கும் என்ஜின் கிரேனே போதும்.

மேஜை எவ்வளவு உயரம்?

90 செ.மீ.யை ஒட்டி. பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரட்டும். மேஜையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

தரையில் வடிகால் வைத்துச் சாக்கடையோடு இணைக்கலாமா?

எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் இணைக்கக் கூடாது, பல இடங்களில் சட்டப்படியும் குற்றம். வீட்டு ஷெட்டுக்கு வடிகாலே தேவையில்லை என்பது என் எண்ணம். கழுவுவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சிந்தியதை மரத்தூள் போட்டு அள்ளுங்கள். பழைய எண்ணெயைத் தனி டின்னில் மூடிவைத்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள். கூலன்டை அதில் கலக்காதீர்கள். கலந்தால் எடுக்க மறுப்பார்கள்.

தீயணைப்பான் எது, எங்கே?

ஏபிசி வகை உலர்பொடி, ஆள் போகும் கதவுக்குப் பக்கத்தில். வேலை செய்யும் மூலையில் மாட்டினால் தீ அங்கேயே பிடிக்கும்போது கை எட்டாது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். ஆளிவிதை எண்ணெய் போல் தானாக உலரும் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவிக்காதீர்கள், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள உலோக டின்னில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

தரை ஊற்றி எத்தனை நாளில் லிஃப்ட் மாட்டலாம்?

28 நாள். ஆங்கர் துளை வெட்டுக்கோட்டிலிருந்தும் தரையின் விளிம்பிலிருந்தும் குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், கையேடு அதிகம் கேட்டால் அதிகம் விடுங்கள். துளையிட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். போல்ட் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் அந்த இடத்தில் கான்கிரீட் சரியில்லை. லிஃப்டை ஏற்றாமல் அங்கேயே நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.